ஆங்கிலக் கால்வாய்களிற் குளிர்காலம்: உழைப்பின் வரலாறும் உல்லாசத்தின் அழகியலும்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களிலே குளிர்காலத்திற் படகுப் பயணஞ் செய்தல் இன்று ஓய்வுநேர இன்பங்களுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. இலையுதிர்ந்த மரங்கள், ஆளரவமற்ற நீர்வழி, சிற்றறையின் இரும்படுப்பிலே கனலும் நிலக்கரி, அதிகாலையில் நீரின்மேற் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டிப் படலம் ஆகியன அப்பயணத்தின் கவர்ச்சிகளாக எடுத்துரைக்கப்படுவன. கோடையில் வாடகைப் படகுகளால் நெரிசலுறும் கால்வாய், குளிர்காலத்தில் அமைதியைத் தருகின்றது என்பர். இக்கூற்றிற் பொய்யில்லை. ஆயினும் இதே நீர்வழியில், இதே வடிவிலமைந்த படகில், இதே அளவிலான சிற்றறையில் வாழ்ந்து சரக்கேற்றிய மக்களுக்குப் பனிக்கட்டி என்ற சொல் வேலையிழப்பையும் கடனையும் குறித்தது. அவர்களுட் கடைசித் தலைமுறையினர் தொழிலை விட்டகன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டே கழிந்துள்ளது.

இயற்கைக் காட்சியொன்றின் பொருள் இயற்கையிலிருந்து மாத்திரம் பிறப்பதன்று. அக்காட்சியின் முன் நிற்பவர் உற்பத்தியிலே வகிக்கும் இடம் அப்பொருளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. இவ்வுண்மையை ஆங்கிலக் கால்வாயின் குளிர்காலம் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது. நீர் உறைவதை நேரிற் காணாத நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பருவத்தால் வேலை நின்றுபோகும்பொழுது அதன் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்ற வினா எந்நாட்டுக்கும் பொதுவானது. அவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரை அமைகின்றது.

1. கால்வாயும் கைத்தொழிற் புரட்சியும்

கால்வாய்ப் படகு இன்று பழைமையின் சின்னமாகக் கருதப்படினும், தோற்றத்தால் அது நவீன முதலாளித்துவத்தின் குழந்தையாகும். வேர்ஸ்லியிலிருந்த தமது நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்ரர் நகருக்கு நிலக்கரி கொண்டுசெல்லும் பொருட்டுப் பிறிட்ஜ்வாட்டர் கோமகன் வெட்டுவித்த கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அதன் விளைவாக அந்நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பர். அக்கால்வாயின் அமைப்பிற் பங்குகொண்ட ஜேம்ஸ் பிறின்ட்லியே பின்னர் திரென்ட் - மேர்சி கால்வாயையும் திட்டமிட்டார். 1766இல் பாராளுமன்ற அனுமதி பெற்ற அக்கால்வாய் 1777இல் நிறைவுற்றது. மட்பாண்ட உற்பத்தியாளரான ஜொசாயா வெட்ஜ்வுட் அதன் முதன்மை ஆதரவாளருள் ஒருவர். 1769இல் அவர் திறந்த எத்ரூரியா தொழிற்சாலை அக்கால்வாயின் வழியிலேயே அமைந்தது. கனத்த களிமண் உள்ளே வரவும், எளிதில் உடையும் பாண்டங்கள் வெளியே செல்லவும் அலுங்காத நீர்வழி அவருக்கு அவசியமாயிற்று. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலின் தொடக்கப் பகுதியிலே கைத்தொழிற் புரட்சியின் கூறுகளுள் ஒன்றாகக் கால்வாய்களையும் எடுத்துக் கூறுவது மனங்கொள்ளத்தக்கது.

ஒடுங்கிய படகின் வடிவத்தை நிர்ணயித்ததும் மூலதனச் சிக்கனமே. மேடுபள்ளமான நிலத்திற் படகுகளை ஏற்றியிறக்குவதற்கு இருபுறமுங் கதவுகளுடைய நீர்ப்பூட்டுகள் வேண்டும். அவை அகன்றால் நீரும் செலவும் மிகும். சுரங்கவழிகளையும் அகலமாக வெட்டவேண்டியிருக்கும். எனவே, மத்திய இங்கிலாந்தின் கால்வாய்கள் பலவற்றில் ஏறத்தாழ 7 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட படகு மாத்திரமே செல்லத்தக்கதாக நீர்ப்பூட்டுகள் அமைக்கப்பட்டன. ஒரு குதிரை கரையோர இழுவைப் பாதையில் நடந்து, ஏறத்தாழ 25 தொன் சரக்கேற்றிய அத்தகைய படகொன்றை இழுத்துச் சென்றது. 1790களிற் கால்வாய்ப் பங்குகளின்மேல் எழுந்த ஊக வணிக வெறி புதிய கால்வாய்கள் பலவற்றைத் தோற்றுவித்தது. 18ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட இவ்வகல முடிவு 20ஆம் நூற்றாண்டுத் தொழிலாளியின் வாழ்வையும் கட்டுப்படுத்தியது. அவனது குடும்பம் பின்னாளில் வாழ நேர்ந்த அறையின் அகலமும் அதுவேயாகும்.

2. மிதக்கும் வீடு

தொடக்க காலத்திற் படகோட்டிகள் பெரும்பாலும் கரையிலே வீடும் குடும்பமும் உடையவராயிருந்தனர். மனைவி மக்களைப் படகில் ஏற்றிச் செல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்காங்கே தோன்றியது. 1830இல் லிவர்பூல் - மான்செஸ்ரர் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு, அடுத்த இரு தசாப்தங்களிற் புகையிரதங்கள் நாடெங்கும் பரவியபொழுது சரக்குக் கட்டணங்கள் வீழ்ச்சியுற்றன. கால்வாய்க் கம்பனிகளும் சரக்கேற்றுங் கம்பனிகளும் போட்டியைத் தாங்கிக்கொண்ட வழிகளுள் ஒன்று, அதன் சுமையைப் படகோட்டியின் தலைமேல் இறக்கியதாகும். குறைந்த கூலியில் வீட்டு வாடகையுங் கொடுத்து உதவியாளுக்கும் ஊதியங் கொடுக்க இயலாத நிலையில், மனைவியும் பிள்ளைகளும் படகுக்கு வந்தனர். ஹரி ஹான்சன் 1975இல் வெளியிட்ட கால்வாய்ப் படகோட்டிகள் பற்றிய ஆய்வு இம்மாற்றத்தை ஆவணச் சான்றுகளுடன் விரிவாக ஆராய்ந்த நூல்களுள் ஒன்றாகும்.

படகின் பின்பகுதியில் ஏறத்தாழ 10 அடி நீளமும் 7 அடிக்குட்பட்ட அகலமும் கொண்ட அறையொன்றே குடும்பம் முழுவதற்கும் வீடாக அமைந்தது. பகலில் மேசையாக விளங்கிய அலுமாரிப் பலகை சமையலுக்கு உதவியது. இரவில் மற்றொரு பலகை விழுந்து படுக்கையாயிற்று. படகின் எஞ்சிய நீளம் முழுவதும் சரக்குக்குரியது. சம்பளம் கப்டன் எனப்பட்ட ஆணுக்கு, ஏற்றிய தொன்னுக்கும் சென்ற பயணத்துக்கும் ஏற்ப வழங்கப்பட்டது. சுக்கான் பிடித்தல், நீர்ப்பூட்டுக் கதவுகளைத் தள்ளுதல், குதிரையை நடத்திச் செல்லுதல், சரக்கை இறக்குதல் ஆகியவற்றிற் பங்குகொண்ட பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தன்பெயரில் ஊதியமில்லை. ஒருவரின் கூலிக்குக் குடும்பம் முழுவதன் உழைப்பும் பெறப்பட்டது. அக்குடும்பம் உறங்கிய இடமும் முதலாளியின் உடைமையாகவே இருந்தது. தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அன்றே வீட்டையும் இழந்தான். சொந்தப் படகுடையோர் ‘நம்பர் வண்’ என அழைக்கப்பட்டனர். அவர்கள் சிறு தொகையினரே.

3. பனிக்கட்டியும் கூலியும்

இவ்வுற்பத்தி உறவின் உண்மை குளிர்காலத்திலே வெளிப்பட்டது. கால்வாய் நீர் ஆழமற்றது, ஓட்டமற்றது. ஆதலால் ஆறுகள் உறைவதற்கு முன்னரே அது உறைந்துவிடும். நீர்ப்பூட்டுக் கதவுகளின் பின்னே பனிக்கட்டிகள் திரண்டு, கதவுகளைத் திறக்கவிடாது தடுக்கும். நனைந்த கயிறு தடிபோல் விறைத்துப்போகும். கதவின்மேல் ஏறிக் கடப்பவர் வழுக்கி விழுந்தால், கனத்த உடையோடு உறைநீரிலிருந்து மீளுதல் அரிது. மெல்லிய பனிக்கட்டியுங்கூட மரப்படகின் பலகையை நீர்மட்டத்திலே கத்திபோல் அராவுமாதலால், முன்பகுதிக்கு இரும்புத் தகடு பொருத்துவது வழக்கமாயிருந்தது.

கம்பனிகள் இதற்கெனப் பனியுடைக்கும் படகுகளை வைத்திருந்தன. இரும்புத் தகடு போர்த்திய அப்படகின் நடுவே நீளவாக்கில் ஒரு கம்பி பொருத்தப்பட்டிருக்கும். பல குதிரைகளைப் பூட்டி விரைந்து இழுக்கச் செய்து, கம்பியைப் பற்றி நின்ற ஆட்கள் படகை இருபுறமும் சாய்த்தாட்டிப் பனிக்கட்டியை நொறுக்குவர். குதிரைகளின் வேகமும் ஆட்களின் ஆட்டமுங் கரையில் நிற்போருக்கு ஒரு வேடிக்கைக் காட்சியாக இருந்திருத்தல் கூடும். ஆயினும் கடுங்குளிர் சில நாள் நீடிப்பின், உடைந்த துண்டுகளே மீண்டும் ஒன்றோடொன்று உறைந்து முன்னிலும் தடித்த பாளமாகிவிடும். அதன்பின் கால்வாய் மூடப்படும். எங்கெங்கே நின்றனவோ அங்கங்கே படகுகள் சிறைப்படும்.

படகு நின்றால் பயணமில்லை, பயணமின்றேற் கூலியுமில்லை. தொன் கணக்கிற் கூலி கொடுத்தல் என்னும் முறையின் பொருளாதார உள்ளடக்கம் இதுவே. பருவத்தின் ஆபத்து முழுவதையும் அம்முறை தொழிலாளியின் கணக்கில் எழுதிவைத்தது. முதலாளிக்குச் சரக்கு தாமதமாகும். தொழிலாளிக்கு உணவு நின்றுபோகும். சொந்தப் படகுடையவனின் நிலை சில வேளைகளில் இதனினும் இடர்மிக்கது. வருவாயற்ற நாள்களிலும் அவனது குதிரைக்குத் தீனி போடவேண்டியிருந்தது. குறித்த ஊரொன்றில் வசிப்பவரை மனங்கொண்டு அமைந்த ஏழைச் சட்ட உதவி முறையும், ஊரூராகச் செல்லும் இவர்களுக்கு எளிதிற் பொருந்தியதன்று. கரையோரக் கடைக்காரர் கொடுக்கும் கடனும், அருகே சிறைப்பட்ட ஏனைய படகுக் குடும்பங்களுமே இவர்களுக்கு உற்ற துணையாயின.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. படகுகள் ஏற்றிய சரக்குகளுள் தலையானது நிலக்கரி. குளிர் மிகுதோறும் நகரத்து வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் நிலக்கரித் தேவை மிகும். அதே குளிர் நிலக்கரி வரும் வழியை அடைத்துவிடும். 1895 பெப்ரவரியில் ஸ்கொத்லாந்தின் பிறேமாரில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 27.2 பாகை செல்சியஸ் வரை இறங்கிய அக்கொடுங் குளிரிலே, ஆங்கிலக் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. விலையேறிய நிலக்கரி கால்வாயின் நடுவே படகில் இருந்தது. அதனை ஏற்றிவந்தவனின் கையிற் காசில்லாதிருந்தது.

4. மௌனமாயிராத தொழிலாளர்

படகுத் தொழிலாளர் சிதறி வாழ்ந்தவர். ஆதலால் அவர்களிடையே ஸ்தாபனம் தோன்றவில்லை எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. இக்கருத்து முழுமையாக ஏற்கத்தக்கதன்று. 1923 ஆகஸ்ற் மாதத்தில், பெலோஸ் மோட்டன் அன்ட் கிளேற்றன் என்ற பெரிய சரக்கேற்றுங் கம்பனி கூலியைக் குறைக்க முற்பட்டபொழுது, நோதம்ற்றன்சயரில் உள்ள புறோன்ஸ்ரன் என்னுங் கால்வாய்ச் சந்தியிலே படகுகளை நிறுத்தித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். போக்குவரத்துப் பொதுத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அதற்கு முந்திய ஆண்டிலேயேயாகும். அச்சங்கத்தின் ஆதரவுடன் வேலைநிறுத்தம் ஏறத்தாழ 14 வாரங்கள் நீடித்தது.

இப்போராட்டத்தின் வடிவம் கருதத்தக்கது. தொழிற்சாலைத் தொழிலாளி வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சாலையை விட்டு வெளியேறுவான். படகுத் தொழிலாளியோ தான் வாழும் இடத்தையே மறியற் களமாக்கினான். சரக்கோடு நின்ற படகு, வீடாகவும் பொருதும் கருவியாகவும் அமைந்தது. பனிக்கட்டி தன் விருப்பின்றி நிறுத்திவந்த படகை, அந்த ஆண்டிலே தொழிலாளி தன் விருப்பத்தால் நிறுத்தினான். முன்னையது அவனைக் கடனாளியாக்கியது. பின்னையது அவனை வரலாற்றின் கருத்தாவாக்கியது எனலாம்.

5. எழுத்திலே படகு மக்கள்: இரு பார்வைகள்

பள்ளிக்கூடம் ஓரிடத்தில் நிற்பது, படகு நில்லாதது. எனவே படகுப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் எழுத்தறிவின்றி வளர்ந்தனர். தம் வாழ்வைத் தாமே எழுதாத ஒரு தொழிலாளர் பிரிவினரைப் பற்றிப் பிறர் எழுதியவையே நெடுங்காலம் சான்றுகளாயின. அவற்றுள் இரு பார்வைகள் முதன்மையானவை.

முதலாவது, 1870களின் சீர்திருத்தவாதிகளது பார்வை. செங்கற் சூளைகளில் வேலைசெய்த சிறுவர்க்காகப் போராடிய கோல்வில் ஜோர்ஜ் சிமித், பின்னர்ப் படகுச் சிறுவர்பாற் கவனஞ் செலுத்தினார். அவருடைய முயற்சிகள் 1877ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுகள் சட்டத்துக்கும், அதனை வலுப்படுத்திய 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் வழிவகுத்தன. படகுகள் பதியப்படல், அறையொன்றில் வாழக்கூடியவர் தொகை வரையறுக்கப்படல், பரிசோதகர் நியமனம் ஆகியன அவற்றால் நடைமுறைக்கு வந்தன. அவற்றால் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் சிமித்தின் எழுத்திற் படகு மக்கள் ஒழுக்கக்கேடும் குடியும் அறியாமையும் நிறைந்தவராகவே பெரிதுங் காட்டப்பட்டனர். நெரிசலைத் தடைசெய்த சட்டம், நெரிசலை உண்டாக்கிய கூலியைத் தொடவில்லை.

இரண்டாவது, 1940களின் மனோரதியவாதப் பார்வை. எல்.ரி.சி. றோல்ற் என்னும் பொறியியலாளர் ‘கிறெசி’ என்ற படகில் 1939இற் புறப்பட்டுச் செய்த பயணத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதிய ‘நரோ போட்’ என்ற நூல் 1944இல் வெளியாயிற்று. போரினாற் களைப்புற்றிருந்த வாசகருக்கு அந்நூல் மறைந்துகொண்டிருந்த ஒரு நல்லுலகைக் காட்டியது. றோல்ற் படகு மக்களின் தொழில் நுட்பத்தை மதித்தவர். அவர்கள் படகுகளில் தீட்டிய ரோசாப் பூக்களையும் கோட்டைகளையும் கலையாகக் கண்டவர். இது சிமித்தின் பார்வையினும் பெரிதும் மனிதத்தன்மை வாய்ந்தது. எனினும், யந்திர நாகரிகத்தாற் கெடாத மரபுவழிச் சமூகமொன்றின் எச்சமாகவே அவர் இம்மக்களை நோக்கினார். யந்திர நாகரிகமே இம்மக்களைப் படைத்தது என்பதனையும், புகையிரதப் போட்டியின் கூலிக்குறைப்பே அவர்களைக் குடும்பத்தோடு படகில் ஏற்றியது என்பதனையும் முன்னர்க் கண்டோம். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முந்திய காலத்தைப் பொற்காலமாகக் காண்பதை றேமன்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான ‘நாடும் நகரமும்’ என்ற பொருள்படும் தமது நூலில் ஆராய்ந்துள்ளார். றோல்ற்றின் நூல் அப்போக்குக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஒரு பார்வை படகு மக்களைப் பாவிகளாகவும், மற்றையது வெள்ளையுள்ளங் கொண்ட கலைஞர்களாகவும் கண்டது. இரண்டினும் கூலித் தொழிலாளி மங்கிப்போனான்.

இவற்றுக்கிடையே வேறொரு குரலும் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆட்பற்றாக்குறை காரணமாக இளம் பெண்கள் பயிற்றப்பட்டுச் சரக்குப் படகுகளிற் பணியாற்றினர். உள்நாட்டு நீர்வழிகள் என்பதைக் குறித்த அவர்களது சின்னத்தின் ஈரெழுத்துகளைத் திரித்து, ‘சோம்பேறிப் பெண்கள்’ எனக் கேலியாக அழைக்கும் வழக்கம் உண்டாயிற்று. பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினரான இவர்களுட் சூசன் வூல்பிற் 1947இலும், எம்மா சிமித் 1948இலும் தம் அனுபவங்களை நூலாக்கினர். குளிரில் விறைத்த கையும், ஈரம் உலராத உடையும், உறக்கமின்மையும் ஆங்கில எழுத்தில் உழைப்பவரது பக்கத்திலிருந்து பதிவாவதற்கு இந்நூல்கள் வழிசெய்தன. ஆயினும் இவர்கள் போர் முடிந்ததும் வீடு திரும்பியவர்கள். திரும்பிச் செல்ல வீடற்ற படகுப் பெண்ணின் குரலை அச்சிற் கேட்க மேலும் பல ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. படகுப் பெண்கள் பலரின் வாய்மொழிகளைத் தொகுத்து ஒரே பாத்திரத்தின் கூற்றாக ஷீலா ஸ்ருவேட் அமைத்த ‘றாம்ளின் றோஸ்’ 1993இலேயே வெளிவந்தது. எழுதப்படாத வரலாற்றுக்கு வாய்மொழிச் சான்று எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நூல் உணர்த்துகின்றது.

6. 1947, 1963: இயற்கையா, சமூகமா?

கால்வாய்ச் சரக்குத் தொழில் அழிந்தமைக்கு 1962-63 குளிர்காலமே காரணம் எனக் கூறுவது பெருவழக்கு. இக்கூற்றினை ஆராய்தல் அவசியமாகின்றது.

1947 ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை நீடித்த கடுங்குளிரிலும் கால்வாய்கள் உறைந்தன. நிலக்கரிச் சுரங்கங்கள் அவ்வாண்டு முதலாந் திகதியிலேதான் தேசியமயமாக்கப்பட்டிருந்தன. புகையிரதங்களும் படகுகளும் முடங்கியதால், பெப்ரவரியில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டு, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆயினும் பனி உருகியதும் படகுகள் மீண்டும் ஓடின. அடுத்த ஆண்டில் கால்வாய்களுட் பெரும்பாலானவையும் அரசுடைமையாயின.

1962 டிசெம்பரின் இறுதியிலே தொடங்கிய குளிர் மார்ச் முற்பகுதிவரை தணியவில்லை. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழ் 2.1 பாகை செல்சியஸ். 1814க்குப் பின் அத்துணைக் குளிர்ந்த மாதம் வந்ததில்லை. அந்த ஜனவரி முதலாந் திகதியிலேதான் பிரித்தானிய நீர்வழிகள் சபை கால்வாய்களைப் பொறுப்பேற்றிருந்தது. வாரக்கணக்கிற் படகுகள் அசையவில்லை. சரக்குகள் வீதிக்கு மாறின. அவ்வாண்டிலேயே சபை தனது ஒடுங்கிய படகுச் சரக்குச் சேவையின் பெரும்பகுதியைக் கைவிட்டது. படகுகள் சில தனியார் கம்பனிகளுக்கு வாடகைக்குச் சென்றன.

ஆனால் 1895இலும் 1947இலும் உறைந்த கால்வாய் மீண்டும் தொழிற்பட, 1963இல் உறைந்த கால்வாய் மீளாமை ஏன்? விடை வானிலையில் இல்லை. 1959 நவம்பரில் முதற் பகுதி திறக்கப்பட்ட எம் 1 நெடுஞ்சாலை, இலண்டனுக்கும் மத்திய இங்கிலாந்துக்குமிடையே முக்கிய கால்வாய் சென்ற அதே திசையில், சில இடங்களில் அதற்கு அண்மையாகவே சென்றது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் எண்ணெயின் பெருக்கமும் நிலக்கரிச் சந்தையைச் சுருக்கின. 18ஆம் நூற்றாண்டின் 7 அடி அகலத்தை விரிவாக்க அரசும் முன்வரவில்லை, தனியாரும் முன்வரவில்லை. குறைந்த கூலியிற் குடும்பங்களின் உழைப்பைப் பெறமுடிந்தவரை புதிய முதலீடு தேவைப்படவில்லை; அவ்வுழைப்பு கிடைக்காதுபோனபொழுது முதலிடக் காலங் கடந்துவிட்டது. பனிக்கட்டி கால்வாய்த் தொழிலைக் கொல்லவில்லை. ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்த முடிவுகளுக்கு அது சந்தர்ப்பமாய் அமைந்தது. ஒரு தொழிலின் முடிவுக்கு இயற்கையைக் காரணமாகக் கூறும்பொழுது, முடிவெடுத்தவர்கள் பொறுப்பிலிருந்து விடுபடுகின்றனர் என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது.

நெடுந்தொலைவுச் சரக்குப் பயணங்களுட் கடைசியாக எஞ்சியது, அதர்ஸ்ரனிலிருந்து இலண்டனின் மேற்கேயுள்ள சவுதோலுக்கு நிலக்கரி கொண்டுசென்றதாகும். அந்நிலக்கரி சென்ற பழப்பாகுத் தொழிற்சாலை, தேயிலை இறக்குமதியிலே தொடங்கி வளர்ந்த கேர்லி அன்ட் ரொங் என்ற வணிக நிறுவனத்துக்குரியது. 1970 ஒக்டோபரில் அப்பயணமும் முடிவுற்றது.

7. உல்லாசம் சட்டமாதல்

றோல்ற்றின் நூலை வாசித்து அவரோடு தொடர்புகொண்டவர் றொபேட் எய்க்மன். இவர்களும் சாள்ஸ் ஹட்பீல்ட் முதலியோரும் 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் கழகத்தை நிறுவினர். கால்வாய்கள் யாருக்காகக் காக்கப்படவேண்டும் என்பதிலே விரைவில் கருத்து வேற்றுமை தோன்றியது. றோல்ற் சரக்குப் படகுகளுக்கும் அவற்றில் வாழ்வோருக்கும் முதன்மை தர விரும்பினார். எய்க்மன் எல்லா நீர்வழிகளையும் எல்லாப் பயன்பாடுகளுக்கும் மீட்க விரும்பினார். 1951இல் றோல்ற் கழகத்திலிருந்து நீங்க நேர்ந்தது. மனோரதியவாதி எனக் குறைகூறப்படும் அவரே தொழிலாளரின் பக்கம் நின்றமையை நேர்மையோடு குறிப்பிடுதல் வேண்டும். 1964இல் மீளத் திறக்கப்பட்ட தென் ஸ்ரற்போட் கால்வாயின் திருத்த வேலையிலே தொண்டர்களோடும் படைவீரரோடும் சிறைக்கைதிகளும் உழைத்தனர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். உல்லாசக் கால்வாயும் உழைப்பின்றித் தோன்றியதன்று.

பாபரா காசில் அமைச்சராயிருந்த காலத்துப் போக்குவரத்துச் சட்டம் 1968இல் நிறைவேறியது. அது கால்வாய்களை வணிக நீர்வழிகள், உல்லாசப் பயண நீர்வழிகள், எஞ்சிய நீர்வழிகள் என மூன்றாக வகுத்தது. ஒடுங்கிய கால்வாய்களுட் பெரும்பாலானவை இரண்டாம் வகையிலும் மூன்றாம் வகையிலும் அடங்கின. 200 ஆண்டுகள் உற்பத்திச் சாதனமாக விளங்கிய கால்வாய், சட்டத்தால் நுகர்வுப் பொருளாக மாற்றப்பட்ட தருணம் இதுவெனலாம்.

சரக்குக்குரிய இடமெல்லாம் அறைகளாயின. மரத்துக்குப் பதிலாக உருக்கு வந்தது. மெல்லிய பனிக்கட்டியை அது எளிதில் உடைத்துச் செல்லும். வரலாற்றிலே முதன்முறையாகக் கால்வாயில் ஒருவர் விரும்பிக் குளிர்காலத்திற் பயணஞ் செய்வது இயல்பாயிற்று. பனிக்கட்டி அழகாகத் தோன்றுவதற்கு முதல் நிபந்தனை, அது கூலியை நிறுத்தாதிருத்தலாகும். சிறைப்பட்ட ஒரு வாரம் ஓய்வாக இனிப்பதற்கு, அவ்வாரத்தின் உணவு ஏற்கெனவே வேறெங்கோ உழைத்துப் பெறப்பட்டிருத்தல் வேண்டும். இதனைக் கூறுவது அவ்வின்பத்தைப் பழிப்பதற்கன்று. ஓய்வு மனிதனின் உரிமை. கட்டாய உழைப்பிலிருந்து மீட்ட நேரமே மனித வளர்ச்சியின் வெளி என்பதை மார்க்சியம் வலியுறுத்துகின்றது. கேள்வி, அவ்வெளி எவர்க்குக் கிடைக்கிறது என்பதே.

8. இன்றைய குளிர்காலம்

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. 2012இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகள் அரச சபையிடமிருந்து கால்வாய் ஆறு நம்பிக்கைப் பொறுப்பு என்னும் தரும நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. இந்நூற்றாண்டில் வீட்டு வாடகையும் வீட்டு விலையும் ஏறியதால், குறிப்பாக இலண்டனில், கரையில் வீடுபெற இயலாதோர் பலர் படகுக்கு வந்துள்ளனர். 19ஆம் நூற்றாண்டிற் படகோட்டியின் குடும்பத்தைக் கரையிலிருந்து இறக்கிய அதே வாடகைப் பிரச்சினை, வேறுருவில் மீண்டுள்ளது எனலாம்.

நிலையான தரிப்பிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்காது பயணஞ் செய்தல் வேண்டுமென 1995ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. விருப்பத்தாற் பயணஞ் செய்பவருக்கு இது விதியாகவே தோன்றாது. ஆனால் நகரத்தில் வேலையும் பிள்ளைக்குப் பள்ளியும் உடையவருக்கு, நீர்க்குழாய் உறைந்து, பகல் குறுகி, இழுவைப் பாதை சேறாகிக் கிடக்கும் காலத்திலும் நகர்வது கடமையாகின்றது. நீர்ப்பூட்டுகளைத் திருத்தும் பணிகள் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை நடைபெறுவதால், வழிகள் பல அடைபட்டிருக்கும். பணம் செலுத்தினால் நவம்பர் முதல் பெப்ரவரி வரை ஓரிடத்தில் தங்கக் குளிர்காலத் தரிப்பிடம் பெறலாம். 2024 ஏப்ரல் முதல் நிலையான தரிப்பிடமற்ற படகுகள் மேலதிக உரிமக் கட்டணமும் செலுத்துகின்றன. ஆகவே, ஒரே கால்வாயிலே அருகருகே இரு படகுகள் ஒரே பனிக்கட்டியை உடைத்துச் செல்லலாம். ஒன்று இன்பத்துக்காகவும், மற்றையது கட்டளைக்காகவும் செல்கின்றது. கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே காட்சி.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. சரக்குப் போக்குவரத்து அழிந்த கால்வாய்களிலே இன்றும் சில எரிபொருட் படகுகள் ஓடுகின்றன. அவற்றுட் சில பழைய சரக்குப் படகுகளே. புகைகுறைந்த நிலக்கரி மூடைகளையும் டீசலையும் எரிவாயுவையும் ஏற்றி, படகில் வாழ்வோருக்குக் குளிர்காலத்தில் அவை விற்றுச் செல்கின்றன. பனி இறுகும்பொழுது அவை வாராவிடின் அடுப்புகள் அவியும். குளிர் மிகுதோறும் தேவை மிகும், தேவை மிகுதோறும் வழி அடைபடும் என்ற பழைய முரண்பாடு இங்கே சிற்றளவில் இன்றும் உயிர்வாழ்கின்றது.

முடிவுரை

கால்வாயின் குளிர்கால அழகைப் பாடும் எழுத்துகளில் நீர்ப்பூட்டும் இழுவைப் பாதையும் வருணிக்கப்படுகின்றன. பாலங்களின் மூலையிலுள்ள இரும்புக் காப்புகளிற் கயிறு அறுத்த தழும்புகள் வியப்போடு சுட்டப்படுகின்றன. அத்தழும்புகள் குதிரையாலும் மனிதராலும் இழுக்கப்பட்ட தொன்களின் கணக்கு. எழுத்தறியாத ஒரு தொழிலாளர் பரம்பரை தன் கைப்பட விட்டுச்சென்ற ஆவணங்களுள் அவையும் அடங்கும். அவற்றை வெறும் அலங்காரமாகக் காணும் அழகியல், இயற்கையை உழைப்பிலிருந்து பிரித்துவிடுகின்றது. அப்பிரிவு வரலாற்றிலும் குறைபாடுடையது; இன்று அக்கால்வாயில் வாழ வேறு வழியின்றி வந்துள்ளவர்களின் நியாயத்தையும் மறைத்துவிடுகின்றது.

நிலக்காட்சி இலக்கியத்தைத் திறனாய்வு செய்வோர் காட்சியை வருணித்தவரின் சொற்களோடு நின்றுவிடலாகாது. அப்பருவத்தில் அவ்விடத்திலே எவர் உழைத்தனர், அவர்தம் கூலி எவ்வாறு கணிக்கப்பட்டது, பருவம் மாறியபொழுது நட்டம் எவர் கணக்கில் எழுதப்பட்டது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். ஆங்கிலக் கால்வாயின் உறைபனியை அவ்வினாக்களோடு நோக்கும்பொழுது, அதன் அழகு குறைந்துவிடுவதில்லை. அதனடியிலே நின்றுபோன படகுகளும், அவற்றினுட் காத்திருந்த குடும்பங்களும் நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.